தியானம் முடிந்து எழுந்ததும் அந்த அமைதி எங்கே போகிறது?

கேள்வி இதுதான். பெங்களூரில் ஐ.டி. வேலை, பி.டி.எம். லேஅவுட்டில் வாடகை வீடு. எட்டு மாதமாகத் தினமும் காலையில் 20 நிமிடம் செயலியைப் போட்டுக்கொண்டு தியானம். உட்கார்ந்திருக்கும் வரை மனம் குளிர்ந்து கிடக்கிறது. அலுவலகம் போகும் வழியில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் எல்லாம் போய்விடுகிறது. மேனேஜரிடமிருந்து ஒரு வரி மெசேஜ் வந்தால் போதும், பழைய எரிச்சல் அப்படியே திரும்பிவிடுகிறது. வேலை, குடும்பம் என்று இருப்பவருக்கு நிலைத்த மகிழ்ச்சி கிடைக்குமா, அல்லது அது துறவிகளுக்கு மட்டும்தானா?

கிடைக்கும். ஆனால் இப்போது நீங்கள் செய்வது மனத்தைப் படிய வைக்கிற பயிற்சி. கலங்கிய தண்ணீரைக் குடத்தில் அசையாமல் வைத்தால் மண் அடியில் தங்கிவிடும். குடத்தைத் தூக்கினால் மறுபடி கலங்கும். மண் எங்கேயும் போகவில்லை.

நம் மரபில் இதற்கு மனோலயம் என்று பெயர். ரமண மகரிஷி இதை மனோநாசத்திலிருந்து, அதாவது மனம் அடியோடு அழிவதிலிருந்து, தெளிவாகப் பிரித்துச் சொன்னார். மூச்சை அடக்கினால் மனமும் அடங்கும், ஆனால் மூச்சு அடங்கியிருக்கும் வரைதான். வெளியே வந்ததும் பழைய வாசனைகளின், அதாவது உள்ளே பதிந்த பழக்கங்களின், வழியே மனம் அலையும் என்பது அவர் கருத்து. இதற்கு அவர் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் தவம் செய்த ஒரு யோகி தாகம் எடுத்து, தண்ணீர் கொண்டு வரும்படி சீடனை அனுப்பினார். அவன் வருவதற்குள் சமாதியில் ஆழ்ந்துவிட்டார். வெகுகாலம் கழித்துக் கண் விழித்ததும் அவர் வாயில் வந்த முதல் சொல், தண்ணீர் எங்கே என்பதுதான். எந்த விருப்பத்தோடு உள்ளே போனாரோ அதே விருப்பத்தோடு வெளியே வந்தார். உங்கள் 20 நிமிடத்துக்கு நேர்வதும் இதுதான். அதனால் இன்னும் ஆழமான அமைதிக்காக நேரத்தை 40 நிமிடமாக்குவதால் பலன் இல்லை.

மகிழ்ச்சி என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் பார்த்துவிடலாம். சம்பள உயர்வுக் கடிதம் வந்த அன்று மனம் நிறைந்திருக்கும். ஆறு வாரத்தில் அது வெறும் சம்பளம் ஆகிவிடும். அந்த நிறைவு கடிதத்திலிருந்து வந்திருந்தால், கடிதம் இருக்கும் வரை அதுவும் இருக்க வேண்டும் அல்லவா? பல மாதமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த ‘வேண்டும் வேண்டும்’ என்ற பிடி அன்று சற்று நேரம் தளர்ந்தது. தளர்ந்த இடத்தில் இருந்த இதத்தைத்தான் கடிதம் தந்த மகிழ்ச்சி என்று கணக்கு எழுதினோம். ஆகவே பழக வேண்டியது பிடியைத் தளர்த்துவது. அமைதி அதன் கூடவே வரும். அதைத் தனியாகத் துரத்த வேண்டியதில்லை.

உட்காரும் முறையை முதலில் சரி செய்யுங்கள். தரையில் உட்கார்ந்தால் இடுப்புக்கு அடியில் 4 முதல் 6 அங்குல உயரம் வேண்டும். பழைய போர்வையை மடித்து வைத்தாலே போதும். இரண்டு முழங்காலும் இடுப்பை விடத் தாழ்ந்து தரையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் கீழ்முதுகு வளைந்து, பத்தாவது நிமிடத்தில் வலி வரும், அல்லது தூக்கம் வரும். நாற்காலியில் உட்கார்வது தாழ்ந்த முறை இல்லை. பாதம் இரண்டும் தரையில் படிய, முதுகு சாயாமல் உட்கார்ந்தால் ஒன்றுதான். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் கிரானைட் தரை காலைச் சில்லிட வைக்கும். பாயின் மேல் ஒரு ஜமுக்காளம் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றித் தேவையில்லாத குற்ற உணர்வு பலருக்கு இருக்கிறது. பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கும் 48 நிமிடம். அமைதியான நேரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அமெரிக்காவுடன் போன் மீட்டிங் முடித்து இரவு ஒரு மணிக்குப் படுத்தவர் நாலரைக்கு எழுந்து உட்கார்ந்தால் நடப்பது உட்கார்ந்தபடி தூக்கம். தூக்கம் போதாத மூளைக்கு எரிச்சலை அடக்கும் திறன் குறைந்துவிடுகிறது. அதை எந்தத் தியானமும் ஈடு செய்யாது. 7 மணி நேரம் தூங்கி எழுந்து, ஏழரைக்கு உட்காருங்கள். ஃபில்டர் காபி அதற்குப் பிறகு. முன்னால் குடித்தால் நெஞ்சுத் துடிப்பே கவனத்தைப் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

முதல் 5 நிமிடம் மூச்சு. மூக்கு வழியாக 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே. ஒரு சுற்றுக்கு 10 நொடி, 5 நிமிடத்தில் 30 மூச்சு. உள்மூச்சில் இதயம் சற்று வேகம் கூடும், வெளிமூச்சில் குறையும். வெளிமூச்சை நீட்டும்போது வேகஸ் நரம்பின் வேலை மேலோங்கி உடம்பு இளைப்பாறும். 6 எண்ண முடியாமல் திணறினால் 3க்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்காக ஏங்குகிற நிலை வந்தால் அளவு தப்பு என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திருமூலர் சொன்ன கணக்கு 16 மாத்திரை (கண் இமைக்கும் நேரம் போன்ற கால அளவு) உள்ளே, 64 நிறுத்தி, 32 வெளியே. அதை வீடியோ பார்த்துவிட்டு அப்படியே முயல்பவர்கள் உண்டு. அது ஆசான் அருகிலிருந்து, ஆண்டுக்கணக்கில் படிப்படியாக ஏற்றிப் போகிற அளவு. கும்பகம், அதாவது மூச்சை நிறுத்துவது, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. நீங்கள் கேட்டிருக்கும் விஷயத்துக்கு அது தேவையும் இல்லை.

அடுத்த 15 நிமிடம் எண்ணிக்கையால் மூச்சை நடத்துவதை விட்டுவிடுங்கள். அது தானாக வந்து போகட்டும். மூக்கு நுனியில் காற்று படுகிற இடத்தில் கவனம், ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண், 1 முதல் 10 வரை, மறுபடி 1. இந்தக் கட்டத்திலும் மூச்சை இழுத்து இழுத்து விடுவதுதான் நெஞ்சு இறுகுவதற்குப் பெரும்பாலும் காரணம். பார்ப்பது மட்டும் உங்கள் வேலை.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மூன்றாவது எண்ணிலேயே மனம் நழுவி நேற்றைய மீட்டிங்கில் போய் நின்றிருக்கும். சற்று நேரம் கழித்து அது உங்களுக்குத் தெரியவரும். தெரிந்த அந்த நொடியில் பெரும்பாலோர் ‘ச்சே’ என்று மனத்தைப் பிடித்து இழுத்து மூச்சில் கட்டுகிறார்கள். இழுத்துக் கட்டுவது இன்னொரு பிடி. மீட்டிங்கின் இறுக்கம் உடம்பில் அப்படியே இருக்க, மேலே மூச்சின் மெல்லிய போர்வையை மூடுகிறோம். அமைதி வந்தது போலவும் இருக்கும், வெளியே போனதும் போர்வை விலகியும் விடும். எட்டு மாதம் நீங்கள் பழகியது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குப் பதில், தெரிந்ததும் மூச்சுக்கு ஓடாமல் ஒரு கணம் நில்லுங்கள். அந்த நினைப்பு உடம்பில் எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். கீழ்த்தாடை, புருவ நடு, தொண்டை, தோள்பட்டை, அடிவயிறு என்று ஐந்தாறு இடங்களுக்குள்தான் அது இருக்கும். அந்த இடத்தை ஒரு வெளிமூச்சோடு தளர விடுங்கள். முழுதும் தளர வேண்டும் என்பதில்லை, கால் பங்கு போதும். தளர்ந்ததும் சின்னதாக ஓர் இதம் தெரியும், வெயிலில் நடந்து வந்து செருப்பைக் கழற்றியதும் பாதத்துக்குத் தெரிவது போல. அதில் இரண்டு, மூன்று நொடி நின்றுவிட்டுப் பிறகு எண் 1 என்று தொடங்குங்கள். 15 நிமிடத்தில் மனம் 40 முறை ஓடினால், 40 முறை இதைச் செய்கிறீர்கள். ஓடியதற்காக வருந்த வேண்டியதில்லை, அது ஓடாவிட்டால் பழகுவதற்கு வாய்ப்பே இல்லை. சிலருக்கு உடம்பில் ஒன்றும் பிடிபடாது. அவர்கள் தாடையையும் அடிவயிற்றையும் மட்டும் தளர்த்திவிட்டுத் திரும்பட்டும். இரண்டு, மூன்று வாரத்தில் தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

மேனேஜரின் மெசேஜ் வந்ததும் இறுகுவது இதே தாடைதான், இதே வயிறுதான். இருக்கையில் ஆயிரம் முறை தளர்த்திய இடம் அங்கேயும் தளரக் கற்றிருக்கும். மூக்கு நுனி மட்டும் தெரிந்த மனத்துக்கு அந்த நேரத்தில் கைகொடுக்க ஒன்றும் இருக்காது.

கடைசி 5 நிமிடம் வேறு வேலை. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி மனம் தெளிந்து மலர்வதற்கு நான்கு மனப்பாங்குகளைச் சொல்கிறார். சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரைக் கண்டால் உவகை, தீமை செய்பவரிடம் விலகிய சமநிலை. கடைசியில் உள்ளதைக் கவனியுங்கள், தீமை செய்பவரை நேசிக்கும்படி அவர் கேட்கவில்லை. இது நடைமுறை தெரிந்த வரிசை. அலுவலகத்தில் நம் நிம்மதியைத் தின்பது பெரும்பாலும் முதல் வகை: கூட வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு வந்தது, சர்ஜாபூரில் ஃபிளாட் வாங்கிவிட்டார். அந்த முகத்தை நினைத்து ‘நன்றாக இருக்கட்டும்’ என்று நினைப்பதுதான் பயிற்சி. வேதாத்திரி மகரிஷி வகுத்த மனவளக்கலை என்ற யோகப் பயிற்சியில் ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்தச் சொல்வதும் இதே நோக்கத்தில்தான். வரிசை தவறக் கூடாது. முதலில் உங்களை வாழ்த்துங்கள், பிறகு வீட்டில் உள்ளவர்களை, அடுத்து பெயர்கூடத் தெரியாத அடுக்குமாடிக் காவலாளியை, ஒரு மாதம் கழித்துப் பிடிக்காதவரை. முதல் நாளே பரம விரோதியை வாழ்த்தப் போனால் மனம் பொய் சொல்லப் பழகிவிடும்.

இனி எழுந்திருப்பது. இத்தனை நேரம் சேர்த்தது கொட்டிப்போகிற இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மணி அடித்ததும் கண்ணைத் திறந்து கை போனுக்குப் போகிறது. நேரம் பார்க்கத்தான் எடுக்கிறோம், அதற்குள் 14 செய்திகள். அப்படிச் செய்ய வேண்டாம். மணி அடித்ததும் கண் மூடியபடியே சத்தங்களைக் கேளுங்கள்: அடுத்த வீட்டுக் குக்கர் விசில், தண்ணீர் டேங்கர் பின்னோக்கி வரும் ஒலி, தெருவில் காய்கறிக்காரர். எதையும் தொந்தரவு என்று தள்ளாமல் 2 நிமிடம் கேளுங்கள். பிறகு விரல்களை அசைத்து, பாதிக் கண் திறந்து, மெதுவாக எழுங்கள். அடுத்த 15 நிமிடம் போன் வேண்டாம். இதற்காகவே ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். இத்தனை நாள் தொடர்ச்சி என்று செயலி காட்டும் எண்ணிக்கையும் நன்மை செய்வதாக நான் நினைக்கவில்லை. பிடியைத் தளர்த்தப் பழகும் இடத்தில் அது ஒரு புதிய பிடியாகிவிடுகிறது. வழிகாட்டும் குரலும் முதல் இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம்.

ஒரு நாளில் விழித்திருப்பது 16, 17 மணி நேரம். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் போன் வழியே நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் செய்கிற வேலையை விட்டு வேறெங்கோ இருந்தது தெரிந்தது. அப்படி அலையும்போது மக்கள் மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள். இந்தப் பெரும் பரப்பைக் காலை 25 நிமிடம் மட்டும் தாங்காது. நாளுக்குள் மூன்று இடங்களில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று போதும். பத்து வைத்தால் ஒரு வாரத்தில் எல்லாமே மறந்துபோகும். வீட்டுப் பூட்டில் சாவி திரும்பும்போது ஒன்று. வழியில் முதல் சிவப்பு சிக்னலில் ஒன்று (வண்டி ஓட்டுபவர் கண்ணை மூட வேண்டாம், தாடையையும் ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்களையும் தளர்த்தினால் போதும்). மதியம் முதல் கவளத்துக்கு முன் ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று வெளிமூச்சு, எங்கே இறுகியிருக்கிறது என்று பார்த்து, விட்டுவிடுவது. பர்ப்பிள் லைன் மெட்ரோவில் போகிறவர்கள் நின்றபடியே இரண்டு ஸ்டேஷனுக்கு இடையில் பாதங்களின் அழுத்தத்தை உணரலாம். யாருக்கும் தெரியாது.

இரவில் 10 நிமிடம் ஒரு நோட்டுப் புத்தகம். துறவிகளுக்கு மட்டுமா என்று கேட்டீர்களே, கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி இல்லறத்தில் இருந்துகொண்டே தம் பயிற்சிகளை வகுத்தவர். தியானத்தை விட அகத்தாய்வுக்குக் குறையாத இடம் தந்தவர். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று எல்லாம் பேப்பரும் பேனாவும் வைத்துச் செய்கிற வேலை. கவலைகளை அவர் நான்காகப் பிரிக்கச் சொல்வது பெங்களூர் வாழ்க்கைக்கு நன்றாகவே பொருந்தும். அனுபவித்தே தீர வேண்டியவை: ஊரில் அப்பாவுக்கு வயதாவது. தள்ளிப்போட வேண்டியவை: மகனின் கல்லூரி. அலட்சியம் செய்ய வேண்டியவை: சக ஊழியர் லிஃப்ட்டில் சொன்ன ஒரு சொல். உடனே தீர்க்க வேண்டியவை: வீட்டு உரிமையாளரிடம் அட்வான்ஸ் பற்றிப் பேசுவது. எழுதிப் பார்த்தால் உடனே செய்ய வேண்டியவை ஒன்றிரண்டுதான் தேறும். அவற்றுக்கு நேராக நாளையத் தேதியைப் போடுங்கள். தியானத்தால் தீராத கவலைகளில் பல, ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும்.

இடையில் வரும் சிக்கல்களில் தூக்கம் எளிது. கண்ணைப் பாதி திறவுங்கள், போகாவிட்டால் எழுந்து நில்லுங்கள். நெற்றியில் கனம், தலை அழுத்தம் என்றால் புருவ மத்தியில் கவனம் வைக்கும்போது கண் தசைகளையும் சேர்த்து இறுக்குகிறீர்கள். கவனத்தைத் தொப்புளுக்கோ உள்ளங்காலுக்கோ இறக்குங்கள். மனவளக்கலையில் இதற்கென்றே சாந்தி தவம் இருக்கிறது, கவனத்தை முதுகுத்தண்டின் அடியில் உள்ள மூலாதாரத்துக்கு இறக்கித் தணிப்பது. மூன்றாம் மாதம் போல எல்லாம் வறண்டு, ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். பெரும்பாலோர் அப்போதுதான் வேறு முறைக்குத் தாவுகிறார்கள். யூடியூபில் நான்கு முறைகளைப் பார்த்து நான்கையும் கலப்பது நான்கு இடத்தில் பத்தடி தோண்டிவிட்டுத் தண்ணீர் இல்லை என்பது மாதிரி. ஒரே முறையை ஒரு மண்டலம், 48 நாள், மாற்றாமல் செய்யுங்கள். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பதை நம்பாதீர்கள். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி ஊன்றும் என்று பதஞ்சலி சொல்வதும் இதையே.

பழைய துக்கம் மேலே வந்து கண்ணீர் வருவது கெட்டதில்லை, அடியில் இருந்தது வெளியே தெரிகிறது. ஆனால் நெஞ்சு படபடத்து மூச்சுத் திணறினாலோ, பழைய கொடுமை ஒன்று மறுபடி நடப்பது போல் தோன்றினாலோ கண்ணைத் திறந்து அன்றைக்கு நிறுத்துங்கள். அடுத்த சில வாரம் நடைத் தியானம் மட்டும். மொட்டை மாடியிலோ லால்பாக்கிலோ அல்சூர் ஏரிக்கரையிலோ 15 அடி தூரம் போய்த் திரும்பி, குதிகால் படுவதையும் விரல்கள் எழுவதையும் கவனித்து 20 நிமிடம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் அது பயிற்சிக் குறைபாடு இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். சாப்பிடும் மாத்திரையைத் தியானத்தை நம்பி நிறுத்தவே கூடாது.

நேரில் கற்க விரும்பினால் தமிழிலேயே சொல்லித்தரும் மனவளக்கலை மன்றங்கள் பெங்களூரில் உண்டு. பசவனகுடி ராமகிருஷ்ண மடத்தில் மாலை ஆரத்திக்குப் போய்ப் பின்வரிசையில் அரை மணி உட்கார்ந்தாலே தனியாக உட்காருவதற்கும் கூடி உட்காருவதற்கும் உள்ள வேறுபாடு புரியும். 10 நாள் விபாசனா முகாம் கட்டணமில்லாதது. படித்து முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. காலை 4 மணிக்கு மணி, நாளில் 10 மணி நேரத்துக்கு மேல் தியானம், பேச்சும் போனும் இல்லை. தினமும் 25 நிமிடம் ஆறு மாதமாவது தவறாமல் உட்கார்ந்த பிறகு போங்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் அதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

முன்னேற்றத்தை இருக்கையில் தேட வேண்டாம். ஒரு கோபம் வந்தால் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று நோட்டில் குறித்து வாருங்கள். முன்பு மாலை வரை தங்கியது இப்போது அரை மணியில் போகிறதா? கோபம் வருவதே நின்றுவிடாது, தங்கும் நேரம்தான் முதலில் குறையும். காரணம் ஒன்றும் இல்லாமல், பாத்திரம் தேய்க்கும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ மனம் இதமாக இருப்பதை நாலைந்து மாதத்தில் கவனிப்பீர்கள். அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முயலாமல், தாடையைத் தளர்த்திவிட்டுக் கைவேலையைத் தொடருங்கள்.

ஊருக்குப் போனது, குழந்தைக்குக் காய்ச்சல், ரிலீஸ் வேலை என்று ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் ஈடுகட்ட 50 நிமிடம் உட்கார வேண்டாம். அதே 25 நிமிடம். மூன்று நாள் விட்டுப்போயிருந்தால், திரும்பத் தொடங்கும் நாளில் மூச்சுக்கான 5 நிமிடமும் வாழ்த்துக்கான 5 நிமிடமும் மட்டும் செய்துவிட்டு எழுந்துவிடுங்கள், மறுநாள் முழுதாக.